ட்ரூமன் ஜெயித்த காலையில் காணாமல் போன சக்கரம்

தள்ளுவண்டி அங்கேயேதான் இருந்தது. சக்கரம்தான் இல்லை.

1948, நவம்பர் மூன்றாம் தேதி, புதன்கிழமை. காலை ஏழரை மணி. அயோவா மாநிலத்தில் டன்லீ என்ற சிற்றூர். நீதிமன்றத்துக்கு முன்னால், உறைபனி விழுந்து வெளுத்துக் கிடந்த புல்வெளியில், அந்த ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டி தோரணங்களோடு மூக்கைத் தரையில் குத்திக்கொண்டு கிடந்தது. முதலில் பார்த்தவர் எதிரே காப்பிக்கடை நடத்தும் நீவா. நடைபாதையில் நின்றபடியே அவர் போட்ட கூச்சலில் தெருவின் ஜன்னல்கள் எல்லாம் திறந்துகொண்டன.

"கஸ்! ஓடி வா! அந்த ஹாப்வுட் சக்கரத்தைத் திருடிட்டான்!"

காவல் தலைவர் கஸ் லிண்டால் ஓடவில்லை. அவர் எதற்கும் ஓடுகிறவர் அல்ல. கையிலிருந்த டோனட்டை முடித்து, விரல்களை நக்கிவிட்டு நடந்து வந்தார். டன்லீயில் நடக்கிற குற்றங்களுக்கு அந்த வேகம் போதும்.

விஷயம் இதுதான். முந்தின நாள் ஜனாதிபதித் தேர்தல். அந்த ஊரில் எல்லோரும், எதிர்த்து நின்ற கவர்னர் டூயி கட்சி. ஜனாதிபதி ட்ரூமன் மண்ணைக் கவ்வுவார் என்று கருத்துக்கணிப்பு முதல் கோழிக்காரர் வரை சொன்னார்கள். ட்ரூமன்தான் ஜெயிப்பார் என்று சொன்னவர் ஊருக்கே ஒருவர்தான்: முடிதிருத்தும் ஆர்லோ பென். கோடை முழுவதும், முகத்தில் சோப்பு நுரையோடு வாய் திறக்க முடியாமல் கிடந்தவர்களிடம் அவர் ட்ரூமனைப் பற்றிப் பிரசங்கம் செய்தார். கடைசியில் வங்கி முதலாளி லூதர் ஹாப்வுட் கடுப்பாகிப் பந்தயம் கட்டினார். தோற்றவர், ஜெயித்தவரைத் தள்ளுவண்டியில் உட்கார வைத்து, நீதிமன்றத்திலிருந்து ரயிலடி வரை ஊர் பார்க்கத் தள்ள வேண்டும். புதன்கிழமை நண்பகல், முந்தின நாளே தோரணம் கட்டி நிறுத்தியிருந்த இதே வண்டியில். ஹாப்வுட்டின் எடை ஓர் இளங்காளையின் எடை. ஆர்லோ ஒல்லி, போதாக்குறைக்கு இடுப்புப் பிடிப்பு வேறு.

அன்று விடியற்காலை வானொலி அறிவிப்பாளர்களுக்கே குரல் கம்மிவிட்டது. ட்ரூமன் ஜெயித்துக்கொண்டிருந்தார்.

"இதுல துப்பறிய என்ன இருக்கு?" என்றார் நீவா. "ரேடியோவைக் கேட்டான். ட்ரூமன் முந்துறார்னு தெரிஞ்சுது. வந்து கழட்டிட்டான். போய்க் கையில விலங்கை மாட்டு."

கஸ் புல்வெளியைப் பார்த்தார். வெள்ளை விரிப்பில் ஒரு காலடிகூட இல்லை. தானே முதல் காலடியை வைத்து வண்டிக்குப் போய்க் குனிந்தார். சக்கரத்தின் அச்சு உட்காரும் இரும்புக் குழிக்குள் விரலை விட்டார். விரலில் வெண்பனி ஒட்டியது. பனிக்கு அடியில் கறுப்பாக, அச்சு வழுக்கிச் சுழலத் தடவும் மசி, புத்தம் புதிது. இரண்டையும் கால்சட்டையில் துடைத்துக்கொண்டார்.

"நீவா, இன்னொரு டோனட் இருக்கா?"

ஒன்பது மணி. வங்கி.

"நேத்து ராத்திரி எங்க இருந்தீங்க?"

"வீட்டுல. ரேடியோ பக்கத்துல."

"காலைல?"

"அங்கதான். எழுந்திரிக்கவே இல்ல."

"மேல்கோட்டுக் கை நுனியில என்னங்க மசி?"

ஹாப்வுட் கையை மேசைக்கு அடியில் இழுத்துக்கொண்டார். "கார் மசி."

"உங்க கார் மூணு வாரமா பட்டறையில நிக்குதே?"

வங்கி முதலாளியின் காது சிவந்தது. "கஸ், நான் திருடல. அதுக்கு மேல ஒரு வார்த்தை என்கிட்டேருந்து வராது. அது என் சொந்த விஷயம்."

"உங்க சொந்த விஷயம் வாசல்ல வந்து நிக்குது, பாருங்க."

வாசலில் நான்கு விவசாயிகள் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்கள். ஒருவர் சத்தமாகவே சொன்னார்: "தள்ளுவண்டிச் சக்கரத்தையே விட்டு வைக்காதவன், நம்ம பணத்தை விட்டு வைப்பானா? எடுத்துட்டுப் போயிடலாம்ப்பா."

ஹாப்வுட்டின் முகம் வெளுத்தது. ஒரு சின்ன ஊர் வங்கி கட்டடத்தில் நிற்பதில்லை, பெயரில் நிற்கிறது. அவர் பெயர் மத்தியானத்துக்குள் போய்விடும் போலிருந்தது. கஸுக்கு அவர்மேல் இரக்கமாக இருந்தது.

பதினோரு மணி. டூயி தோல்வியை ஒப்புக்கொண்டுவிட்டார். ஆர்லோவின் கடையில் ஆளே இல்லை. எல்லோரும் புல்வெளியில் நின்று ஹாப்வுட்டைத் திட்டிக்கொண்டிருந்தார்கள். வாழ்நாளின் மிகப் பெரிய வெற்றியை அடைந்த மனிதர், பல் பிடுங்கியவர் மாதிரி உட்கார்ந்திருந்தார்.

"ஷேவிங்," என்று சொல்லிவிட்டு கஸ் நாற்காலியில் சாய்ந்தார்.

ஆர்லோ ஒரு வெள்ளைத் துணியை உதறி அவர் கழுத்தில் கட்டினார். நெஞ்சுக்கு நேராக, வெள்ளி டாலர் நாணய அகலத்துக்கு ஒரு கறுப்பு வட்டம். கஸ் அதைக் கண்ணாடியில் பார்த்தார். ஆர்லோ பார்க்கவில்லை, அவர் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தார்.

"சக்கரம் எப்போ போயிருக்கும்னு நினைக்கிற, ஆர்லோ?"

"விடியக்காலைல. வேற எப்போ? ட்ரூமன் முந்துறார்னு தெரிஞ்சதும்."

"அப்படித்தான் ஊரே சொல்லுது. ஆனா அச்சுக்குழிக்குள்ள பனி படிஞ்சிருந்துச்சு. சக்கரம் இருந்திருந்தா குழிக்குள்ள பனி எப்படிப்பா போகும்? புல்லுல ஒரு காலடியும் இல்ல. நேத்து பனி விழறதுக்கு முன்னாடியே சக்கரம் கிளம்பிடுச்சு."

கத்தி தாடைக்கடியில் நின்றது.

"நேத்து சாயங்காலம் யார் ஜெயிப்பார்னு ஊர் சொல்லிச்சு? டூயி. அப்போ வண்டியில ஏறப் போறவர் ஹாப்வுட். சவாரி போகப் போறவன் எதுக்குச் சக்கரத்தைக் கழட்டுறான்? தள்ளப் போறவனுக்குத்தான் வண்டி வேண்டாம்."

"கஸ், கத்தி உன் கழுத்துல இருக்கு."

"அதனாலதான் மெதுவா சொல்றேன். அந்தச் சக்கரத்தைச் சுத்தி எடுத்துட்டு வந்த துணியும் என் கழுத்துலதான் இருக்கு. வெளுக்கப் போட மறந்துட்டியா?"

ஆர்லோ கத்தியை வைத்துவிட்டுப் பக்கத்து நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார்.

"நாலு மாசம் தொண்டை கிழியக் கத்தினேன், கஸ். நேத்து ஓட்டுப் போட்டுட்டுத் திரும்பி நடக்கறப்போ தெருவுல ஒவ்வொருத்தனும் என்னைப் பார்த்துச் சிரிச்சான். ஒரு பொடியன் என் இடுப்பைத் தட்டி, 'நாளைக்கு எண்ணெய் தேய்ச்சுட்டு வா தாத்தா'ன்னான். அந்த நிமிஷம் நம்பிக்கை போயிடுச்சு. இருட்டினதும் கழட்டிட்டேன். துண்டுப் பெட்டிக்குள்ள இருக்கு." அவர் மூக்கை உறிஞ்சினார். "என் சவாரியை நானே திருடிட்டேனே! இப்போ திருப்பி வைக்கவும் முடியல. நம்பினது நான் ஒருத்தன்தான்னு ஊர் இப்போதான் சொல்ல ஆரம்பிச்சிருக்கு."

"அங்க ஒருத்தர் பேர் போயிட்டிருக்கு, ஆர்லோ. நான் சொல்லட்டுமா, நீ சொல்றியா?"

பன்னிரண்டு மணி. ஆர்லோ சக்கரத்தைக் குழந்தை போல அணைத்துக்கொண்டு கூட்டத்தைப் பிளந்து வந்தார். வண்டியின் மேலேயே ஏறி நின்றார்.

"ஹாப்வுட் திருடல. நான்தான் எடுத்தேன். தோத்துடுவோம்னு பயந்துட்டேன். ட்ரூமனை நம்பினேன்னு சொன்னதெல்லாம்... நேத்து சாயங்காலம் வரைக்கும்தான்."

 கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. அந்த நான்கு விவசாயிகள் மட்டும் தொப்பியை மாட்டிக்கொண்டு, ஹாப்வுட்டின் கண்ணில் படாமல் நழுவினார்கள்.

ஹாப்வுட் கோட்டைக் கழற்றினார். சக்கரத்தை வாங்கி மாட்டினார். "ஏறு," என்றார்.

"அது எப்படிங்க..."

"பந்தயம் ட்ரூமன் ஜெயிப்பாரான்னுதான். நீ தைரியசாலியான்னு இல்ல. ஏறுய்யா!"

வண்டி நகர்ந்தது. கஸ் பக்கத்திலேயே நடந்தார். காப்பிக்கடையைத் தாண்டிக் கூட்டம் கொஞ்சம் பின்தங்கியதும் குரலைத் தாழ்த்தினார்.

"ஒரே ஒரு கேள்விங்க. பனிக்கு அடியில புது மசி இருந்துச்சு. சக்கரத்தைத் திருடப் போறவன் அதுக்கு மசி போட மாட்டான். சவாரி போறவனும் போட மாட்டான். தள்ளப் போறோம்னு உறுதியாத் தெரிஞ்சவன்தான் போடுவான். நேத்தே உங்களுக்கு எப்படிங்க தெரியும்?"

ஹாப்வுட் மூச்சு வாங்கினார். இருபுறமும் பார்த்தார்.

"வெளியில சொல்லிடாத, கஸ். டூயி கட்சிக்காரங்க அரசாங்கக் களஞ்சியம் கட்ட விடல, மக்காச்சோளத்தை வைக்க இடமில்ல, விலை விழுந்துபோச்சு. இந்தச் சீசன் பூரா விவசாயிங்க கடன் கேட்டு என் எதிர்ல வந்து உட்கார்ந்தாங்க. வாய் டூயின்னு சொல்லிச்சு. முகம் அப்படிச் சொல்லல. ஓட்டுப்பெட்டி முன்னாடி நிக்கறப்போ..." அவர் குரல் இன்னும் இறங்கியது. "நானே ட்ரூமனுக்குத்தான் போட்டேன். போட்டுட்டு நேரா வந்து மசி தடவினேன்."

வண்டிக்குள் ஆர்லோ திரும்பினார். அவர் வாய் திறந்தபடி இருந்தது. வாழ்நாளில் முதல் முறையாக அதிலிருந்து ஒன்றும் வரவில்லை.

"நிறுத்துங்க," என்றார் பிறகு.

"ரயிலடி இன்னும் பாதித் தூரம் இருக்கு."

"நிறுத்துங்கன்னு சொல்றேன்ல." ஆர்லோ இறங்கினார். இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார். பிறகு வண்டியின் கைப்பிடிகளைப் பற்றினார். "ஊர்ல ட்ரூமனை நம்பின ஒரே ஆள் நீங்கதான். ஏறுங்க."

ஜெயித்தவர் தோற்றவரைத் தள்ளிக்கொண்டு போனது ஏன் என்று டன்லீக்கு இன்றுவரை தெரியாது. கஸ் யாரிடமும் சொல்லவில்லை. நீவா அவருக்கு ஒரு வாரம் இலவச டோனட் தந்து கேட்டுப் பார்த்தார். டோனட்டை எல்லாம் தின்றார், வாயைத் திறக்கவில்லை.

ரயிலடி வரை சக்கரம் ஒரு கீச்சுச் சத்தம்கூடப் போடவில்லை. ஆர்லோவின் இடுப்புதான் போட்டது.