மூன்றாவது ஜாம்

துப்பாக்கியில் சிக்கியிருந்த தோட்டாவை அவர் நெம்பி வெளியே எடுத்தபோது அது ஈரமாக இருந்தது. எண்ணெய் என்றால் வழுக்கும். இது விரலில் ஒட்டி நூல் விட்டது, நாலு நாளாகப் பல் துலக்காத வாயின் புளித்த வாடை அடித்தது. சுடுதளத்தின் பாதுகாப்பு அதிகாரியாகப் பன்னிரண்டு வருடம் ஊரான் வியர்வையையும் வெடிமருந்துக் கரியையும் துடைத்த கைதான், ஆனாலும் அந்த விரலைத் தள்ளிப் பிடித்தார். கால்சட்டையில் துடைத்தார். போகவில்லை.

"என்ன மாமா, மூஞ்சி அப்படிப் போகுது?" என்றான் சுடும் மேடையில் நின்ற மைத்துனன். மனைவியின் தம்பி. காவலாளி வேலைக்கான சுடும் தேர்வில் இரண்டு முறை கோட்டை விட்டவன். இன்றும் விட்டால் அந்த வேலை கனவில்தான்.

"நீ சுடுற அழகைப் பாத்துதான். இலக்கைப் பாரு, என்னைப் பாக்காத."

மூன்றே குண்டு. மறுபடி சிக்கியது. மைத்துனன் குழலை இலக்கின் பக்கமே வைத்து, இடது கையை உயர்த்தி, விதிப்படி திரும்பாமல் நின்றான். இரண்டு முறை இப்படி ஜாமாகிச் சிக்கிய துப்பாக்கியை ஒதுக்கிவைத்துத் தேர்வை நிறுத்த வேண்டும். அந்த விதியை எழுதிச் சுவரில் ஒட்டியவரே இவர்தான். கண்ணாடிக்குப் பின்னால் தேர்வு நடத்தும் அதிகாரி கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். இவர் சுவரைப் பார்க்காத மாதிரி தோட்டா அடுக்கிய மேகசினைக் கழற்றி, சிக்கியதைத் தட்டிவிட்டார். தோட்டா நிற்கும் குழி காலிதானா என்று கண்ணால் பார்த்த பிறகு சுண்டுவிரலை விட்டுத் தடவிப் பார்ப்பது வழக்கம். விட்டார்.

வெதுவெதுப்பாக இருந்தது. மெத்தென்று. ஈறு போல ஏதோ விரலைச் சுற்றி இறுகி, சப்பியது. வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டார். நகம் முழுக்கச் சளி. இதைப் போய் அவன் கையில் கொடுப்பதா? ஆனால் வீட்டில் மனைவி நல்ல சேதிக்காகக் காத்திருப்பாள். அவருக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

"சரியாயிடுச்சு. சுடு," என்றார்.

"நிஜமாவா மாமா? ஒரு மாதிரி நாறுது."

"மருந்து வாடைதான். இன்னும் ஆறு. முடிச்சிட்டு வா, வீட்டுக்குப் போவோம்."

ஒன்று. இரண்டு. மூன்று.

அதற்கப்புறம் சத்தமில்லை. புகையை உறிஞ்சும் விசிறி மட்டும் சுற்றியது. வாடை தடித்தது. துப்பாக்கி மேஜைமேல் கிடந்தது. மைத்துனனின் இடது கை உயர்ந்திருந்தது.

"என்னடா, மறுபடியுமா?"

அருகே போனார். தோளைத் தொட்டுத் திருப்பினார்.

அவன் வாய் திறந்திருந்தது. பற்களுக்கு நடுவே ஒரு தோட்டா குறுக்கே சிக்கி நின்றது. கண்ணீர் வழிந்தது. கை இறங்கவில்லை.

பழகிய விரல். யோசிக்கவில்லை. தோட்டாவைத் தட்டிவிட்டுச் சுண்டுவிரலை உள்ளே விட்டார். நாக்கைத் தேடினார்.

சில்லென்றிருந்தது. எண்ணெய்ப் பிசுக்கு. இரும்பு. இன்னும் உள்ளே. அங்கேயும் இரும்பு.

மேஜைமேல் ஈரமாக ஏதோ அசைந்தது.

"மாமா," என்றது துப்பாக்கி.