நான்காவது எடுத்துக்கொண்ட அறை

காலை பத்து மணிக்கே அந்தப் பழைய ஆஸ்பத்திரிக் கட்டடத்தில் ஈர வாடை அடித்தது. நோயாளிகள் காலி செய்து பல வருடமாகிறது. கட்டில்களைக்கூட யாரோ கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். ஆராய்ச்சி மாணவி மூன்று ரோபோக்களை ஒவ்வொன்றாகத் தூக்கிப்போய் நிலவறைப் படிக்கட்டின் அடியில் வைத்துவிட்டு, மேல் அறையில் கணினி முன்னால் வந்து உட்கார்ந்தாள். வெளியூரிலிருந்து வந்திருந்த தேர்வாளர் இன்றைக்குத் தலையை ஆட்டிவிட்டால் போதும், ஆறு வருடப் பாடு முடிந்து அவள் டாக்டர்.

அவளுடைய ஆராய்ச்சி பெரிய கம்பசூத்திரம் ஒன்றும் இல்லை. தெரியாத இடத்துக்குள் ரோபோக்களை விட்டால், அவை தங்களுக்குள் பேசி வேலையைப் பிரித்துக்கொள்ளும். ஒன்று ஓர் அறை வாசலுக்குப் போனதும், 'இதை நான் எடுத்துக்கொண்டேன்' என்று மற்றவற்றுக்குச் சொல்லும். அப்புறம் மற்றவை அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காது. பார்த்து முடித்ததும் அடுத்த அறை. அவை பார்த்ததெல்லாம் சேர்ந்து, திரையில் ஒரே வரைபடமாக விரியும். நகர்கிற எதுவும் அதில் வராது. எலியோ ஆளோ, மென்பொருளே கழித்துவிடும். அசையாமல் கிடப்பது மட்டும்தான் படத்தில் நிற்கும்.

முன்பு ரோபோக்கள் நான்கு. நான்கையும் பாகம் பாகமாகப் பூட்டியவர் ஆய்வுக்கூடத்து டெக்னீஷியன். எந்நேரமும் கழுத்தில் ஒயரைச் சுற்றிக்கொண்டு திரிந்ததால் எல்லோருக்கும் அவர் ஒயர் அண்ணன். இவளைக் 'குட்டி டாக்டர்' என்றுதான் கூப்பிடுவார். "இப்பவே கூப்பிட்டுக்கறேன்மா. பட்டம் வந்துட்டா நீ என்னைத் திரும்பியா பாக்கப் போற?" என்று வம்புக்கு இழுப்பார். காதில் ஹெட்போனோடு இருப்பவளைத் திடுக்கிட வைக்கக் கூடாதென்று, வரும்போதெல்லாம் சுவரை இரண்டு தரம் தட்டுவார்.

டொக். டொக்.

ஏழு மாதத்துக்கு முன்னால், இதே கட்டடம், இதே நாற்காலி. ஐந்து மணிக்குள் கட்டுரையை அனுப்பியாக வேண்டும். நான்காவது ரோபோ கடைசி அறையை எடுத்துக்கொண்டு உள்ளே போனது, போனதுதான். எடுத்தாயிற்றே என்று மற்ற மூன்றும் அங்கே போகவில்லை.

"நான் பாத்துக்கறேன், நீ உன் வேலையைப் பாரு" என்று ஒயர் அண்ணன் இறங்கினார்.

"அண்ணே, சீக்கிரம் வந்துடுங்க, மேப் கெட்டுடும்" என்றாள் இவள். அவரிடம் கடைசியாகச் சொன்னதே அதுதான்.

நாலு பத்துக்கு, நான்காவது மறுபடி அனுப்பிய படத்தில், அந்த அறையில் ஒரு கறை விழுந்தது. நீளமாக, அசையாமல். ஓர் ஆள் நீளம். அவளுக்கா தெரியாது? தெரிந்தது. குனிந்து ஏதோ பழுது பார்க்கிறார் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். படம் அசிங்கமாக இருந்தது. கறையைச் சுற்றி ஒரு கட்டம் போட்டு அழித்தாள். கட்டுரையை அனுப்பினாள். நாலு இருபதுக்குப் பையைத் தூக்கிக்கொண்டு, கீழே ஒரு குரல்கூடக் கொடுக்காமல் கிளம்பிவிட்டாள்.

இரவு வீட்டார் தேடி வந்தபோது உடம்பு சில்லிட்டிருந்தது. மாரடைப்பு. கொஞ்சம் முன்னாடி பார்த்திருந்தால் பிழைத்திருப்பார் என்றார் டாக்டர். "அண்ணன் அப்பவே வீட்டுக்குப் போயிட்டார்னு நினைச்சேன்" என்றாள் இவள், அவர் மனைவியின் முகத்துக்கு நேராக. அந்த அண்ணி இவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அந்தக் கை இன்னும் கூசுகிறது.

இன்றைக்கு மூன்று ரோபோக்களும் கிளம்பின. அவளுக்கு வழிகாட்டும் பேராசிரியரும் தேர்வாளரும் அவளுக்குப் பின்னால் நின்று திரையைப் பார்த்தார்கள். தாழ்வாரம் வந்தது, அறைகள் ஒவ்வொன்றாக வெளுத்தன. பேராசிரியர் முகத்தில் பூரிப்பு.

கடைசி அறை மட்டும் கறுப்பாகவே இருந்தது. மூன்றும் வாசல்வரை போய்ப் போய்த் திரும்பின.

"ஏன் உள்ள போக மாட்டேங்குது?" என்றார் தேர்வாளர்.

அவள் தகவல் பட்டியலைத் திறந்தாள்.

'நான்கு: இதை நான் எடுத்துக்கொண்டேன்.'

நான்காவது ரோபோவை அவளே திருகு திருகாகக் கழற்றியிருந்தாள். அதன் பாகங்கள் ஆய்வுக்கூடத்து அலமாரியில் ஒரு தட்டில் கிடக்கின்றன.

கறுப்பு அறை மெல்ல வெளுத்தது. உள்ளே யாரும் போகவில்லை. இருந்தும் சுவர்கள் வந்தன, மூலை வந்தது. தரையில், நீளமாக, ஒரு கறை வந்தது.

"நாலாவது எங்கேம்மா இருக்கு? அது என்ன, தரையில?"

இப்போது சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது.

"பழைய டேட்டா சார். வெறும் நாய்ஸ், தப்பான சிக்னல்."

கட்டம் போட்டாள். அழித்தாள். அதே விரல்.

தேர்வாளர் சிரித்துக் கை கொடுத்தார். "வாழ்த்துகள், டாக்டர்." பேராசிரியரும் அவரும் காபி குடிக்கப் போனார்கள். சந்தோஷம் வரவேண்டிய இடத்தில் அவளுக்கு வாயெல்லாம் கசந்தது.

இரண்டு ரோபோக்கள் படியடிக்குத் திரும்பின. மூன்றாவது வரவில்லை. கூப்பிட்டுப் பார்த்தாள், பதில் இல்லை. போய்த்தான் எடுக்க வேண்டும்.

நிலவறையில் பகலும் இல்லை இரவும் இல்லை. டார்ச் வெளிச்சத்தில் தூசி மிதந்தது. பத்தடி நடந்ததும் ஈர வாடை போய், வேறொரு வாடை வந்தது. ஈயம் உருக்கிப் பற்றவைக்கிற புகை. அவர் சட்டையில் எப்போதும் அடிக்கும் வாடை.

மூன்றாவது ரோபோ கடைசி அறை வாசலில் நின்றது, உள்ளே பார்த்தபடி.

"அண்ணே..." என்றாள்.

இருட்டுக்குள் இரண்டு தட்டல்.

டொக். டொக்.

ரோபோவை வாரிக்கொண்டு ஓடினாள். படியில் முழங்கால் உரிந்தது. மேல் அறைக் கதவைச் சாத்தி, அண்ணிக்கு போன் போட்டாள். இதையும் விட்டால் இந்த ஜென்மத்தில் சொல்ல மாட்டோம் என்று அவளுக்குத் தெரிந்தது.

"அண்ணி, நான் பொய் சொன்னேன். அண்ணன் கீழ இறங்கினது எனக்குத் தெரியும். விழுந்தது திரையில தெரிஞ்சுது. அழிச்சிட்டுப் போயிட்டேன். இன்னிக்கும் அழிச்சேன்."

அண்ணி ஒன்றை மட்டும் கேட்டார்.

"எத்தனை மணிக்குக் கிளம்பின?"

"நாலு இருபது."

"நாலரைக்கு எனக்கு அவர்கிட்டேருந்து போன் வந்துச்சு." அண்ணியின் குரல் தட்டையாக இருந்தது. "பேச்சே இல்ல. டொக் டொக்னு தட்டற சத்தம்தான். பாக்கெட்ல தெரியாம அழுத்திட்டாரு, வேலையா இருக்காருன்னு போனை வெச்சிட்டேன். நான்தான் கொன்னுட்டேன், நான் மட்டும்தான்னு ஏழு மாசமா யார்கிட்டயும் வாய் திறக்காம செத்துக்கிட்டிருக்கேன். நான் உன் கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதப்ப, பொய் சொல்லிட்டு நின்னியேடி."

போன் துண்டிக்கப்பட்டது.

அவமானத்தில் உடம்பே எரிந்தது அவளுக்கு. திட்டியிருந்தால்கூடத் தேவலை. பேராசிரியரிடம் சொல்லிவிட வேண்டியதுதான், பட்டம் போனால் போகட்டும் என்று எழுந்தாள்.

திரையில் ஒரு வரி புதிதாக வந்திருந்தது.

'நான்கு: அறை முடிந்தது.'

அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. நல்லபடியாக முடிந்ததென்றே நினைத்தாள். முடித்த ரோபோ அடுத்து என்ன செய்யும் என்பதை, அந்த மென்பொருளை எழுதியவளே மறந்துவிட்டாள்.

'நான்கு: மேல் அறை. இதை நான் எடுத்துக்கொண்டேன்.'

ரோபோக்களுக்குப் படி ஏறத் தெரியாது. மேலே ஓர் அறை இருப்பதை மென்பொருளுக்கு யாரும் சொன்னதும் இல்லை.

வரைபடத்தில் படிக்கட்டு வந்தது. அப்புறம் கதவு, மேசை, நாற்காலி. நாற்காலி அருகே நிற்கும் ஓர் ஆளின் கறை. அது அவள்தான், பயத்தில் அவள் அசையவே இல்லை.

அவளுக்கு நேர் பின்னால், ஒரு முழத் தூரத்தில், அசையாமல் இன்னொன்று.

திரும்பும் தைரியம் வரவில்லை. ஆனால் இந்தத் தடவை அவள் விரல் அழிக்கும் பொத்தான் பக்கம் போகவில்லை.

முதுகுக்குப் பின்னாலிருந்த சுவரில், அவள் திடுக்கிடக் கூடாதென்று பார்த்துப் பார்த்துத் தட்டியதுபோல, மெதுவாகக் கேட்டது.

டொக். டொக்.