கைக்குட்டைப் பயணி

காலை ஆறு மணிக்கு ரித்திக் தாத்தா தன் கைக்குட்டையை ஊர் சுற்ற அனுப்பி வைத்தார்.

இதைப் பார்த்து யாரும் ஆச்சரியப்படவில்லை. சைதாப்பேட்டையில் அந்த நேரத்துக்கு எல்லா வாசலிலும் அதுதான் நடந்துகொண்டிருந்தது. எதிர் வீட்டுக்காரர் ஒரு துண்டை அனுப்பினார். மாடி வீட்டம்மாள் குடையை அனுப்பினாள். கோடி வீட்டுக்காரர், துணியெல்லாம் சலவைக்குப் போயிருந்ததால், இடது கால் செருப்பை அனுப்பிவிட்டு வலது கால் செருப்போடு காப்பி குடித்துக்கொண்டிருந்தார். நகர்கூடு வந்து நிற்கும், கதவைத் திறக்கும். இருக்கையில் துணியைப் போட்டு, எத்தனை மணிக்குத் திரும்பி வரவேண்டும், பிறகு எங்கே போகவேண்டும் என்று சொல்லிவிட வேண்டியதுதான். குறித்த நேரம் வரை அது துணியோடு ஊரைச் சுற்றிக்கொண்டிருக்கும். ஓரமாக நிற்கலாமே என்றால், 2094-இல் சென்னையில் வண்டி நிறுத்த இடம் கிடையாது. நிறுத்துமிடங்களிலெல்லாம் அடுக்குமாடி கட்டி நாற்பது வருடம் ஆகிறது.

ரித்திக் என்பது அந்தக் காலத்துப் பெயர். அவர் பிறந்த 2016-இல் வீட்டுக்கு ஒரு ரித்திக் இருந்தான். இப்போது அப்படியெல்லாம் யாரும் வைப்பதில்லை. பொன்னுரங்கம், கன்னியப்பன், முனியம்மாள் என்று நாகரிகமாக வைக்கிறார்கள்.

சொந்த வண்டி ஒழிப்புச் சட்டம் வந்தபோது அவருக்கு முப்பத்தைந்து வயது. வண்டிகள் எல்லாம் போயின, ஆறு இருக்கை கொண்ட நகர்கூடுகள் வந்தன. ஓட்டுநர் இல்லை. காதுக்குப் பின்னால் பதித்த செவிமணியில் 'பாரிமுனை' என்று முணுமுணுத்தால் நாற்பது நொடியில் வாசலில் நிற்கும். எல்லாக் கூடுகளையும் கிண்டியில் பூமிக்கடியில் இருக்கும் போக்குமூளை நடத்தியது. அதற்கு விதிப்புத்தகம் என்று எதுவும் கொடுக்கவில்லை. ஜனங்களைப் பார்த்துக் கற்றுக்கொள்ளச் சொல்லியிருந்தார்கள். அங்கேதான் கோளாறு.

மூன்று வருடத்துக்கு முன் ஒரு நாள், நந்தனத்தில் டீ குடிக்க இறங்கிய ரித்திக், பழைய பஸ் பழக்கத்தில் இருக்கையில் கைக்குட்டையைப் போட்டுவிட்டு, "ஆள் வருவாங்க" என்று காலிக் கூட்டிடம் சொல்லிவிட்டுப் போனார். போக்குமூளைக்கு இது புதிது. தன்னிடமிருந்த பழைய காணொளிகளைப் புரட்டியது. பல்லவன் சாலையிலிருந்து பனகல் பூங்கா வரை ஆயிரக்கணக்கான பேருந்துகளில், ஜன்னல் வழியாக ஒரு துணி வந்து விழுகிறது. அப்புறம் ஏறுகிறவன், கால் கடுக்க நின்றாலும், அந்தத் துணியைப் பார்த்துவிட்டு மரியாதையாக விலகிப்போகிறான். ஆக, கைக்குட்டைக்கு மனிதனுக்குச் சமமான உரிமை உண்டு என்று போக்குமூளை முடிவுகட்டியது. ரித்திக் டீ குடித்துவிட்டு வரும்வரை கூடு அந்தக் கடையையே சுற்றிச் சுற்றி வந்தது. டீக்கடையில் பார்த்தவர்கள் சும்மா இருப்பார்களா? மூன்று மாதத்தில் ஊரே துணி போட ஆரம்பித்தது.

ஒரு துணி ஏறிவிட்டால் வேறு ஆளை ஏற்றுவதற்குக் கூடு அந்தத் துணியிடம் அனுமதி கேட்கும். கைக்குட்டை பதில் சொல்லாது. சம்மதமில்லை என்று கூடு எடுத்துக்கொள்ளும்.

அன்றைக்கு ரித்திக் எட்டு மணிக்கு மீனம்பாக்கம் நிலாக்கப்பல் நிலையத்துக்குக் கிளம்பவேண்டும். சாதாரணப் பயணமில்லை. அவர் மனைவி யாழினி, மகளின் பிரசவத்துக்காக நிலாவுக்குப் போய்ப் பதினொரு மாதம் ஆகியிருந்தது. முந்தின நாள் அங்கிருந்து பேசினாள்.

"நாளைக்கு எட்டே முக்காலுக்கு இறங்கறேன். அதே கப்பல் பத்து மணிக்குத் திரும்புது. திரும்பற சீட்டும் கையில இருக்கு. வாசல்ல நீங்க நின்னா வீட்டுக்கு வரேன். நிக்கலன்னா, நான் இல்லாமலே உங்களுக்குப் பழகிப்போச்சுன்னு எடுத்துக்கறேன். பொண்ணு இங்கயே இருன்னு உயிரை வாங்குது."

"என்னம்மா இது, நான் வராம இருப்பனா?"

"வருவீங்க. எப்ப வருவீங்கன்றதுதான் அம்பது வருஷமா எனக்குத் தெரியல."

அதில் நியாயம் இருந்தது. ரித்திக் தன் கல்யாணத்துக்கே இரண்டாவது முகூர்த்தத்துக்குத்தான் வந்து சேர்ந்தவர்.

ஆனால் பஸ்ஸை மட்டும் அவர் விட்டதில்லை. 2042-இல், பேருந்துகள் ஓடிய கடைசி வருடங்களில், சைதாப்பேட்டை நிறுத்தத்தில் ஒரு சாயங்காலம் ஓடி வந்து, ஜன்னல் வழியாக நீலக் கட்டம் போட்ட கைக்குட்டையை எறிந்து இடம் பிடித்தார். முண்டியடித்து உள்ளே போனால், அந்தக் கைக்குட்டையின் மேலேயே ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள்.

"இது என் இடம்ங்க."

"பேர் எழுதியிருக்கா?"

"கைக்குட்டை போட்டேனே."

"அப்படியா? கைக்குட்டைக்கு டிக்கெட் எடுத்துட்டீங்களா?"

பஸ் முழுக்கச் சிரித்தது. நடத்துநர் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டுச் சிரித்தார். என்ன பஸ் அது! நிற்கிறவர்களின் பைகள் உட்கார்ந்திருப்பவர்கள் மடியில் இருந்தன. யாரோ ஒருவருடைய குழந்தை யாரோ ஒருவருடைய தோளில் தூங்கியது. ஓட்டுநர் ஒரு தரம் பிரேக் போட்டால் முன்பின் தெரியாத அறுபது பேர் ஒரே குடும்பமாகிவிடுவார்கள். தாம்பரம் வரை ரித்திக் நின்றுகொண்டே போனார். மறுநாள் அதே பஸ்ஸில், துவைத்து மடித்த கைக்குட்டையோடு அவள் இருந்தாள். பக்கத்து இருக்கையில் தன் பையை வைத்துக்கொண்டு, கேட்டவர்களிடமெல்லாம் "ஆள் வராங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். ஆள் வந்தது. அப்புறம் கல்யாணம்தான்.

அதே நீலக் கட்டம் போட்ட கைக்குட்டைதான் இப்போது கூட்டில் போயிருந்தது.

சரியாக எட்டு மணிக்குக் கூடு வாசலுக்கு வந்தது. ரித்திக் கண்ணாடி முன்னால் மீசைக்கு மை தடவிக்கொண்டிருந்தார். பதினொரு மாதம் கழித்து வருகிறாள்; நரைத்த மீசையோடு போய் நிற்கவா முடியும்? வலது பக்கம் முடிந்தது. கூடு நாற்பது நொடி காத்திருந்தது.

"பயணி அமர்ந்திருக்கிறார். பயணம் தொடங்குகிறது" என்று அறிவித்துவிட்டுக் கதவை மூடியது.

"ஏய்! பயணி நான்தான்யா!" என்று பாதி மீசையோடு ரித்திக் தெருவுக்கு ஓடினார். ஜன்னல் ஓரத்தில் கைக்குட்டை மிடுக்காக உட்கார்ந்து மீனம்பாக்கத்தைப் பார்க்கப் போய்க்கொண்டிருந்தது.

யாழினிக்குச் செய்தி சொல்லவும் வழியில்லை. நிலாவிலிருந்து இறங்குகிறவர்களின் செவிமணி, ஈர்ப்பு பழகும்வரை ஒரு நாள் ஊமையாகிவிடும். வேறு கூடு கேட்டால், காலியாக ஒன்றுமில்லை என்றது அவருடைய செவிமணி. பெரிய சாலைக்கு வந்து நின்றார். கூடுகள் வந்தன, வந்தன, வந்துகொண்டே இருந்தன. ஒன்றில் பூத்துவாலை. ஒன்றில் சாப்பாட்டுக் கூடை. ஒன்றில் எதிர் வீட்டுக்காரரின் துண்டு. தெரிந்த துண்டுதான், ஆனாலும் நிற்கவில்லை.

"இன்னா பெருசு, கைய காட்டினா நின்னுடுமா?" பக்கத்தில் கருவிப் பெட்டியோடு ஒரு பெண் நின்றிருந்தாள். நாற்பது வயது இருக்கும். பெயர் முனியம்மாள், பல்லாவரத்தில் நிலாக்கப்பல்களுக்குக் குளிரூட்டி பழுதுபார்க்கிறவள். "ஏழு மணிலேர்ந்து நிக்கறேன். ஒரு ஜட்டி கூடப் போவுது, நான் போவ முடியல."

"உன் துணி?"

"மூணு கூட்ல போட்டேன். மூணும் என்ன விட்டுட்டுப் போயிடுச்சு. நடக்கறதுதான். நீ எங்க?"

"மீனம்பாக்கம். பத்து மணிக்குள்ள போகலன்னா என் சம்சாரம் நிலாவுக்குத் திரும்பிடுவா."

அவள் அவருடைய மீசையைப் பார்த்தாள். பாதி கறுப்பு, பாதி வெள்ளை. "வா" என்றாள்.

நடந்தார்கள். ரித்திக்குக்குப் புது முட்டி போட்டு நாலு வருடம்தான் ஆகியிருந்தது. ஆனால் நெஞ்சு பழையது. கிண்டிக்கு முன்பே இரண்டு தரம் உட்கார்ந்தார். முனியம்மாள் திட்டிக்கொண்டே தண்ணீர் கொடுத்தாள்.

"எவன் பெருசு இந்தத் துணி போடற பழக்கத்தைக் கண்டுபுடிச்சவன்? கையில கெடச்சான்னா கருவிப் பெட்டியாலயே மண்டைய ஒடைப்பேன்."

"ஆமாமா, ஒடைக்க வேண்டியதுதான்" என்றார் ரித்திக், இன்னும் கொஞ்சம் வேகமாக நடந்தபடி.

கத்திப்பாரா பாலத்தில் ஏறியபோது எதிர்ப்பக்கம், நகருக்குள் வருகிற பாதையில், கண்ணுக்கு எட்டியவரை கூடுகள் அடைத்துக்கொண்டு நின்றன. ஆயிரம் கைக்குட்டைகள் அலுவலகத்துக்குத் தாமதமாகிக்கொண்டிருந்தன. அவற்றைப் பார்த்துக்கொண்டே நடந்த ரித்திக்கின் காலடியில் பாலம் அதிர்ந்தது. தெற்கே, மீனம்பாக்கத்திலிருந்து ஒரு வெள்ளைக் கோடு எழுந்து வானத்தில் ஏறியது. மணி பத்து.

ரித்திக் பாலத்தின் ஓரக்கட்டையில் உட்கார்ந்தார். கோடு மெலிந்து மறையும்வரை அண்ணாந்து பார்த்தார்.

"அடுத்த கப்பல் எப்பம்மா?" என்று கேட்டார்.

முனியம்மாளுக்குத் தெரியும். ஏழு மாதம். அவள் குனிந்து, அறுந்துபோகாத செருப்பு வாரைச் சரிசெய்ய ஆரம்பித்தாள்.

அப்போதுதான் அந்தக் குரல் கேட்டது. எதிர்ப்பக்க நெரிசலில், நடந்து போகிற யாரோ ஒருவர் ஒரு கூட்டின் ஜன்னலில் தட்டி இடம் கேட்டிருக்க வேண்டும்.

"ஆள் வராங்க!"

ஐம்பத்திரண்டு வருடம் கழித்தும் அந்தக் குரலில் ஒரு இழைகூட நைந்திருக்கவில்லை. நடுச்சுவர் இடுப்பு உயரம் இருந்தது. அந்த வயதில் அதை எப்படித் தாண்டினார் என்று அவருக்கே தெரியாது. முட்டி செய்த கம்பெனிக்காரன் பார்த்திருந்தால் விளம்பரத்துக்கு எடுத்திருப்பான்.

கூட்டுக்குள் யாழினி உட்கார்ந்திருந்தாள். நீலக் கட்டம் போட்ட கைக்குட்டையின் மேலேயே உட்கார்ந்திருந்தாள். பக்கத்து இருக்கையில் அவளுடைய பை.

"இங்க யார் வராங்க?" என்று மூச்சு வாங்கக் கேட்டார் ரித்திக்.

"எப்பவும் லேட்டா வர்ற ஒருத்தர். மீசைல பாதிய எங்க விட்டீங்க?" பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"நீ... கப்பல்ல போகலயா?"

"வெளிய வரேன், வாசல்ல 'பயணி ரித்திக், சைதாப்பேட்டை'ன்னு பலகை போட்டு இது நிக்குது. எட்டரைக்கே வந்துடுச்சாம். உள்ள பாத்தா இந்தத் துணி. பயணி இறங்கட்டும்னு கதவைத் திறந்து வெச்சிருக்கு. துணி எங்க இறங்கும்? ஏறி அது மேலயே உக்காந்து வீட்டுக்குன்னேன், நான்தான் பயணின்னு நெனச்சுக் கிளம்பிடுச்சு." கண்ணைத் துடைத்துக்கொள்ளக் கைக்குட்டையைத் தேடினாள், அதன்மேல்தான் உட்கார்ந்திருந்தாள். புடவைத் தலைப்பால் துடைத்துக்கொண்டாள். "அம்பது வருஷத்துல முத தடவையா நேரத்துக்கு வந்திருக்கீங்க. நீங்களே வந்திருந்தா லேட்டாத்தான் வந்திருப்பீங்க."

ரித்திக் உள்ளே ஏறினார். பழைய பஸ்ஸில் உட்கார்ந்ததுபோல அவள் பக்கமாக ஒட்டி உட்கார்ந்தார். அப்போது முதுகுப் பக்கம் யாரோ ஜன்னலில் தட்டினார்கள்.

"ஆள் வராங்க" என்றார் ரித்திக், திரும்பிக்கூடப் பார்க்காமல்.

"அந்த ஆளே நான்தான். நவுரு பெருசு" என்று முனியம்மாள் கருவிப் பெட்டியோடு உள்ளே ஏறினாள். பல்லாவரம் எதிர்த்திசையில் இருந்தது. நகராத கூட்டில் எந்தத் திசைக்குப் போகிறவர்களும் ஏறலாம் என்பது அவள் கட்சி. காலை நீட்டிக்கொண்டு, கூட்டின் கூரையைப் பார்த்துக் கத்தினாள். "ஏன்யா, ஆறு பேர் போவற எடத்துல ஒத்தத் துணிய ஏத்திக்கினு ஊர் சுத்தறியே, உனுக்கே அசிங்கமா இல்ல?"

கூரையிலிருந்து போக்குமூளை பணிவாகப் பேசியது.

"அம்மா, நான் உங்கள் முன்னோரைப் பார்த்துக் கற்றவன். என்னிடம் 2024-ஆம் ஆண்டின் காணொளிகள் இருக்கின்றன. இதே கத்திப்பாரா, இதே பத்து மணி, இதே நெரிசல். ஆயிரக்கணக்கான கார்கள் நிற்கின்றன. ஒவ்வொன்றிலும் ஐந்து இருக்கைகள். ஒன்றில் ஒருவர் உட்கார்ந்து ஒலிப்பானை அழுத்திக்கொண்டிருக்கிறார். மற்ற நாலும் காலி. அவற்றில் ஒரு துணிகூட இல்லை. வெகு காலம் எனக்கு அது விளங்கவில்லை. நந்தனத்தில் இந்த ஐயா கைக்குட்டை போட்டுவிட்டு 'ஆள் வருவாங்க' என்று சொன்ன பிறகுதான் புரிந்தது."

முனியம்மாள் மெதுவாக ரித்திக்கின் பக்கம் திரும்பினாள். கை கருவிப் பெட்டிக்குப் போயிற்று. ரித்திக் மனைவியின் தோளுக்குப் பின்னால் நகர்ந்துகொண்டார்.

"ஆனால் ஒரு சந்தேகம்" என்றது போக்குமூளை. "அந்த நாலு பேரும் கடைசியில் வந்தார்களா?"