ஓட்டைக்கு எடை கிடையாது

அடுத்த வீட்டு விஷயத்தில் மூக்கை நுழைக்கிற பழக்கம் எனக்குக் கிடையாது. என் சமையலறை ஜன்னல் லேத்துக்காரரின் பட்டறையைப் பார்த்துத் திறக்கிறது என்றால், அதைக் கட்டின கொத்தனாரைத்தான் கேட்க வேண்டும்.

அன்று பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். பட்டறை வாசலில் ஒரு சின்ன வேன் வந்து நின்றது. ஒரு பழைய மோட்டார் சைக்கிளை இறக்கினார்கள். கூடவே இறங்கியவள் லேத்துக்காரரின் அண்ணி. ஆஸ்பத்திரியில் நர்ஸ். டியூட்டி உடுப்போடு வந்திருந்தாள்.

அந்த வண்டி தெருவுக்கே தெரியும். போன மழைக்காலத்தில் மேட்டுச் சாலை இறக்கத்தில் அவள் புருஷன் அதிலிருந்து தூக்கி எறியப்பட்டுப் போய்ச் சேர்ந்தார். குடித்துவிட்டு ஓட்டினாராம். முதலில் ஓடிப் போய்ப் பார்த்தது கூடப்பிறந்த தம்பி, இந்த லேத்துக்காரர்தான். தம்பியே சொன்ன பிறகு யாருக்குச் சந்தேகம் வரும்? குடிக்க மாட்டேன் என்று தலையில் அடித்துச் சத்தியம் செய்த மனுஷன் கடைசியில் ஏமாற்றிவிட்டாரே என்ற ஆத்திரத்தில், அவர் படத்தைக்கூட அவள் சுவரில் மாட்டவில்லை.

"தம்பி, நான் ஓட்டக் கத்துக்கிட்டேன்," என்றாள். "ஆனா இதை ஸ்டாண்டிலேர்ந்து எடுக்கறதுக்குள்ள உயிர் போகுது. தேவையில்லாததை எல்லாம் கழட்டிட்டு லேசாக்கிக் கொடுங்க. வேலைக்குப் போக வர எனக்கு வேணும்."

"எதுக்கு அண்ணி இந்தப் பழைய இரும்பு? தள்ளி விட்டுடலாமே."

"எனக்கு அவர் மேலதான் கோபம். வண்டி மேல இல்ல."

லேத்துக்காரர் வண்டியைப் பார்க்காமலே தலையாட்டினார்.

அவரைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். இரும்பைக் கண்டால் அவருக்குக் கை சும்மா இருக்காது. ஓட்டை போட்டு எடையைக் குறைக்க வேண்டும். "ஓட்டைக்கு எடை கிடையாதுக்கா" என்பார், ஏதோ வேதம் மாதிரி. கேட் தாழ்ப்பாளிலிருந்து கரண்டி வரை அந்த வீட்டில் எல்லாமே சல்லடை. கரண்டியில் எதையும் மொள்ள முடியாமல்தான் அவர் பெண்சாதி தாய் வீட்டுக்குப் போனாள் என்று நான் சொல்வதுண்டு. உண்மைக் காரணம் எனக்கே முழுசாகத் தெரியவில்லை, அதுதான் வருத்தம்.

மறுநாள் வேலை ஆரம்பித்தது. உத்தரத்தில் தொங்கிய சங்கிலியில் ஒரு வட்ட முகத் தராசை மாட்டி, அதன் கொக்கியில் வண்டியைத் தூக்கினார். முள் நின்ற இடத்தில் சிவப்புப் பெயிண்டால் ஒரு கோடு இழுத்தார். பிறகு இறக்கி, கழற்ற ஆரம்பித்தார். முன்னால் இருந்த இரும்புக் கம்பி, பின் கேரியர், பக்கத்துப் பெட்டிகள், செயின் கவர், எருமை மாதிரி கத்துகிற ஹார்ன், பாதி மட்கார்டு. தரையில் ஒரு குவியல் சேர்ந்தது. எலும்பும் தோலுமாக நின்ற வண்டியை மறுபடி தூக்கினார்.

முள் சிவப்புக் கோட்டில் நின்றது.

தராசைத் தட்டினார். மணல் மூட்டையை மாட்டினார், சரியாகக் காட்டியது. கழற்றிய குவியலைச் சாக்கில் கட்டி மாட்டினார். அதற்கும் நல்ல எடை இருந்தது. வண்டியை மாட்டினார்.

சிவப்புக் கோடு.

"என்னக்கா பாக்கறீங்க?"

"தண்ணி வருதான்னு பார்த்தேன்பா."

"என் பட்டறையிலயா?"

நான் ஜன்னலைச் சாத்தினேன். சாத்துவதற்கு முன் ஒரு வாடை மூக்கில் ஏறியது. சாராயமும் ஈர மண்ணும் கலந்த வாடை. லேத்துக்காரர் குடிக்க மாட்டார். குடிப்பவராக இருந்தால் அவருக்குத் தெரிவதற்கு முன் எனக்குத் தெரிந்திருக்கும்.

அடுத்த நாள் மதியம் தெருவில் கரண்ட் போயிருந்தது. அவர் பட்டறையைப் பூட்டிவிட்டுக் கடைக்குப் போயிருந்தார். வெயில் கொளுத்தியது. காக்கா கூடக் கத்தவில்லை.

பட்டறைக்குள் டிரில் ஓடியது.

முதலில் என் காதைத்தான் சந்தேகப்பட்டேன். ஜன்னலைத் திறந்தேன். டிரில் மெஷின் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. அதன் ஒயர் சுருட்டிக் கட்டியிருந்தது.

சத்தம் மட்டும் நிற்கவில்லை.

வண்டியின் பின் சக்கரத்துக்குக் கீழே ஏதோ மினுங்கியது. இரும்புச் சீவல். சுருள் சுருளாக, ஒன்றன் பின் ஒன்றாக, நிதானமாகத் தரையில் விழுந்துகொண்டிருந்தது.

என் கையிலிருந்த தட்டு எப்போது உடைந்தது என்று தெரியாது.

அவர் வந்து கதவைத் திறந்ததும் நேராக அந்தச் சீவலைத்தான் பார்த்தார். குனிந்தார். பின் சக்கரத்தோரம் ஒரு இரும்புப் பட்டை இருக்கும்; பிரேக் போடும்போது பிரேக்கும் சேர்ந்து சுழன்றுவிடாமல் இழுத்துப் பிடிப்பது அதுதான். அந்தப் பட்டையில் வரிசையாக ஓட்டைகள். அவசரமாகக் கழற்றிக் கொல்லைக் கிணற்றில் போட்டார். புதுசாக ஒன்றை மாட்டினார்.

மறுநாள் பார்த்தால் கிணற்றில் போட்டது வண்டியில் இருந்தது. ஈரம் சொட்டியது.

அவர் அதன் முன்னால் உட்கார்ந்து, குழந்தையிடம் கெஞ்சுவது போல முணுமுணுத்தார்.

"அண்ணா... வேணாம்ணா. அண்ணி பார்த்துடுவாங்க."

ஜன்னல் கதவில் கை வைத்தேன். ஆனாலும் ஜன்னலைச் சாத்தவில்லை.

அண்ணி வண்டியை எடுக்க வந்த சாயங்காலம், இரவல் வாங்கியிருந்த சுத்தியலைத் திருப்பிக் கொடுக்க நானும் போனேன். திருப்பிக் கொடுக்க நல்ல நேரமாகப் பார்த்திருந்தேன்.

வண்டி தராசில் தொங்கியது. முள் கோட்டில்.

"ஒண்ணுமே குறையலையே தம்பி?"

"தராசு ரிப்பேர் அண்ணி. நீங்க நாளைக்கு வாங்க."

அவள் காற்றை முகர்ந்தாள். "இது என்ன வாடை? அன்னைக்கு அவர் சட்டையில அடிச்ச அதே வாடை."

வாடையைத் தேடுகிறவள் போல வண்டியைச் சுற்றி வந்தாள். பின் சக்கரத்துக்கிட்ட நின்றாள். பட்டையின் ஓட்டைகளில் விரலை ஓட்டினாள்.

"பிரேக்கைப் பிடிக்கிற பட்டையில யாராவது ஓட்டை போடுவாங்களா? இதுலதான் நான் போகணுமா?"

"நான் போடல அண்ணி!"

"பின்னே யாரு?"

"அது அங்க இருக்கவே முடியாது அண்ணி! அன்னைக்கே ரெண்டா உடைஞ்சு போச்சு. நான்தானே கழட்டி..."

வாயைப் பொத்திக்கொண்டார். தாமதமாக.

பட்டறையில் மூச்சுச் சத்தம் கேட்டது. அவருடையது, அவளுடையது, என்னுடையது.

இன்னொன்றும்.

"என்னைக்கு?" என்றாள் அண்ணி, மெதுவாக.

அவர் சுவரோடு சரிந்து உட்கார்ந்தார். "லேசா இருந்தா நல்லா ஓடும்னுதான்... அண்ணன்கிட்ட சொல்லாம போட்டேன். இறக்கத்துல பிரேக்கை அழுத்தியிருக்கார், அது பிட்டுக்கிச்சு. நான் போய்ப் பார்த்தப்ப... வேற பட்டையை மாட்டிட்டேன் அண்ணி. என்னை ஜெயில்ல போட்டுடுவாங்கன்னு பயம்."

"சட்டையில வாடை?"

அவர் தரையில் கிடந்த சீவலைப் பொறுக்க ஆரம்பித்தார்.

"கேக்கறேன்ல. வாடை?"

"பாட்டில் வாங்கி... நான்தான் ஊத்தினேன்."

அவள் அழவில்லை. "எரிக்கப் போற வரைக்கும் நான் அவர் முகத்தைக்கூடச் சரியாப் பார்க்கல," என்றாள். "ஏமாத்திட்டியே ஏமாத்திட்டியேன்னு ஒரு செத்த மனுஷனைத் திட்டிக்கிட்டே இருந்தேன். நீங்க பக்கத்துல நின்னு எனக்குத் தண்ணி கொடுத்தீங்க தம்பி."

தலைக்கு மேலே 'டக்' என்றது.

முள் கோட்டைவிட்டு இறங்கிக்கொண்டிருந்தது. யாரோ மெதுவாகக் கையை எடுப்பது போல.

அண்ணி சங்கிலியை இறக்கினாள். அந்த ஓட்டைப் பட்டையைக் கழற்றி ஒரு துணியில் சுற்றிக்கொண்டாள்; அது எங்கே போகும் என்று லேத்துக்காரருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். வண்டியை ஓட்டவில்லை. ஒரு கையாலேயே தள்ளிக்கொண்டு போனாள், சைக்கிளைத் தள்ளுகிற மாதிரி.

நான் திரும்பிப் பார்த்தேன். வெறும் கொக்கி காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. மேலே முள் விறுவிறுவென்று ஏறி, சிவப்புக் கோட்டில் போய் நின்றது.

கொக்கி ஆட்டத்தை நிறுத்திக்கொண்டது.

போலீஸ் வந்து அவரைக் கூட்டிப் போனது. தராசையும் அவர்களே சாட்சிப் பொருள் என்று எடுத்துப் போனார்கள். பட்டறைக்குப் பூட்டு.

இன்று காலை வழக்கம் போல, காற்றுக்காகத்தான், ஜன்னலைத் திறந்தேன். உத்தரத்தில் வெறும் சங்கிலி மட்டும் இருந்தது. தராசும் இல்லை, கொக்கியும் இல்லை.

சங்கிலி ஆடவில்லை. கம்பி போல விறைத்து நின்றது.

உத்தரம் நடுவில் கொஞ்சம் வளைந்திருந்தது.