ஆறு மாதத்து லேப்டாப்

"வயித்துல பிள்ளையை வெச்சுக்கிட்டு இப்படியா வண்டி ஓட்டுவீங்க?"

கிஸ்லான் திடுக்கிட்டுத் திரும்பினாள். சிக்னலில், அவள் வண்டியை ஒட்டி ஒருத்தன் நின்றிருந்தான். ஹெல்மெட்டுக்கும் கழுத்துத் துணிக்கும் நடுவே இரண்டு கண்கள் மட்டும்… தேன் நிறத்தில்… இமையெல்லாம் மழைத்துளி சொட்டச் சொட்ட… அவளை முறைத்துக்கொண்டிருந்தன.

எந்தப் பிள்ளை என்று கேட்க வாயெடுத்தவள், குனிந்து தன் வயிற்றைப் பார்த்தாள். ஓ… இதுவா.

ஜெலாபா அங்கிக்குள்ளே, வயிற்றோடு இறுக்கிக் கட்டிய பையில் அவள் லேப்டாப் உட்கார்ந்திருந்தது. அதற்குத் துணையாக சார்ஜர், மவுஸ், அளவு நாடா, நோட்டு, முட்டை வைத்த ரொட்டி, ஆபீஸில் மாற்றிக்கொள்ள ஒரு ஜோடி செருப்பு. முதுகில் மாட்டினால் பின்னால் வண்டியில் வருகிறவன் வாரை அறுத்துக்கொண்டு போய்விடுவான். சீட்டுக்கு அடியில் வைத்தால் இன்ஜின் சூட்டில் வெந்துபோகும். அதற்கு மேல் மழை வேறு. மராகேஷில் மழை எட்டிப் பார்ப்பதே எப்போதாவதுதான், அது அவள் வரைந்த வீட்டு வரைபடத்தை ஆபீஸில் காட்டப்போகும் நாளில்தானா வரவேண்டும்? அதனால்தான் அங்கிக்குள். வெளியிலிருந்து பார்த்தால்… நன்றாகவே தள்ளியிருந்தது.

"ரெண்டு பஸ்ஸுக்கு நடுவுல புகுந்து வந்தீங்க. பார்த்துக்கிட்டேதான் வந்தேன்" என்றான் அவன், விடாமல்.

'என் வயிறு, என் வண்டி, உனக்கென்ன வந்தது?' நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அதற்குள் அவளுடைய சிவப்பு சைனா வண்டி இரண்டு தடவை இருமிவிட்டு அணைந்துபோனது. பச்சை விழுந்தது. பின்னால் ஹாரன் கூட்டம்.

அவன் இறங்கி அவள் வண்டியையும் தன் வண்டியையும் ஒவ்வொன்றாக பாப் துக்காலா கோட்டை வாசலின் வளைவுக்கு அடியில் தள்ளிக்கொண்டு போனான். அங்கே ஏற்கெனவே இருபது பைக் ஓட்டிகள் மழைக்கு ஒதுங்கியிருந்தார்கள்.

"வழி விடுங்கப்பா… பிள்ளைத்தாச்சி வர்றாங்க."

கூட்டம் இரண்டாகப் பிரிந்தது. பிஸாரா விற்கிறவர் தன் ஸ்டூலையே எடுத்துப் போட்டு, ஆவி பறக்க ஒரு கிண்ணம் பருப்புக் கஞ்சியை அவள் கையில் வைத்தார். இத்தனை பேர் முன்னால் உண்மையைச் சொன்னால் மானம் போகும். கஞ்சி வேறு சூடாக, ஆலிவ் எண்ணெய் மணக்க மணக்க இருந்தது. கிஸ்லான் வாயை மூடிக்கொண்டாள்… குடிப்பதற்கு மட்டும் திறந்தாள்.

"எத்தனை மாசம்?" என்றான் அவன்.

"ஆறு."

"அவர் எங்கே?"

"தன்ஜியர் துறைமுகத்துல வேலை."

"பேரு?"

எதிர்ச் சுவரில் ஒரு பஞ்சர் கடைப் பலகை தெரிந்தது. "சுலைமான்" என்று வாசித்தாள்.

"அந்த சுலைமானை என்னைக்காவது பார்த்தா ரெண்டு வார்த்தை கேக்கணும். மழையில, இந்த நிலைமையில, பைக்ல அனுப்பிட்டு…"

"அவரை ஒண்ணும் சொல்லாதீங்க. ரொம்ப நல்லவரு." இல்லாத புருஷனுக்கு வக்காலத்து வாங்கியபோது சிரிப்பு பொங்கிக்கொண்டு வந்தது. கஞ்சிக் கிண்ணத்துக்குள் முகத்தை மறைத்துக்கொண்டாள்.

மழை கொஞ்சம் விட்டது. வண்டி கிளம்பவில்லை. மணி எட்டே முக்கால்.

"ஏறி உட்காருங்க தங்கச்சி. ஹேண்டிலை மட்டும் நேரா பிடிங்க, போதும்."

அவன் தன் வண்டியைப் பின்னால் கொண்டுவந்து, அவள் வண்டியின் ஃபுட்ரெஸ்டில் காலைக் கொடுத்துத் தள்ளினான். அவள் ஆபீஸ் இருக்கும் கெலிஸ் வரைக்கும் அப்படியே. முகம் தெரியாது, குரல் மட்டும் முதுகுக்குப் பின்னாலிருந்து… சிரிப்போடு… மழையோடு. பெயர் ஜுஹைராம்; அவளும் தன் பெயரைச் சொன்னாள். கூரைகளில் சோலார் தகடு பொருத்துகிறவன். அவன் லேப்டாப் கேரியரில் கட்டிய மரப்பெட்டிக்குள், பெருநாள் ஆட்டுத்தோல் மேல் படுத்துக்கொண்டு வருகிறதாம்.

"உங்க லேப்டாப் எங்கே? பையையே காணோமே?"

அது அவள் விலா எலும்பைக் குத்திக்கொண்டிருந்தது. "ஆபீஸ்லயே வெச்சுட்டு வந்துடுவேன்" என்றாள்.

மறுநாள் பளிச்சென்று வெயில். ஆனாலும் கிஸ்லான் பையை அங்கிக்குள்தான் கட்டிக்கொண்டாள். ஏனாம்? வெளியே மாட்டினால் குட்டு உடைந்துவிடும். உடைந்தால் அவன் பேசமாட்டான். பேசாவிட்டால்… அதற்கு மேல் யோசிக்க அவளுக்குப் பிடிக்கவில்லை.

பாப் துக்காலா சிக்னலில் சிவப்பு ஐம்பது விநாடி. ஒன்பது நாளும் அந்த ஐம்பது விநாடிக்காகவே அவளுக்கு விடிந்தது. அவன் காகிதத்தில் சுற்றிய தேன் தடவிய மஸெமன் ரொட்டியை நீட்டுவான். "உங்களுக்கில்ல, குழந்தைக்கு" என்பான். "குழந்தைக்கு நேத்து தேன் பத்தலையாம்" என்பாள் அவள். அவன் சிரிக்கும்போது கண்ணோரம் சுருங்கும்… அவள் சிக்னலைப் பார்க்க மறந்துபோவாள். கடைசியில் பச்சை விழும்போது, "பார்த்துப் போங்க தங்கச்சி."

அந்தத் தங்கச்சிதான் பாழாய்ப்போன தங்கச்சி. நெஞ்சில் முள்ளாகக் குத்தியது.

பத்தாம் நாள் அவன் மஸெமன் நீட்டவில்லை. சின்னதாக ஒரு பொட்டலம் கொடுத்தான். உள்ளே மஞ்சள் கம்பளியில் பின்னிய குழந்தைத் தொப்பி… உள்ளங்கை அளவு.

"எங்கம்மா பின்னினது. உங்க சுகப்பிரசவத்துக்கு தினமும் துவா கேக்கறாங்க." அவன் அவளைப் பார்க்காமல் சிக்னலையே பார்த்தான். "நாளையிலேர்ந்து நான் வேற வழியில போறேன்."

"ஏன்?"

"இன்னொருத்தர் மனைவியோட குரலைக் கேக்கறதுக்காக சீக்கிரமா எழுந்திருக்கேன். தப்புன்னு தெரியுது… அதான்."

அவன் சொன்னதில் பாதி அவளை வானத்துக்குத் தூக்கியது, மீதி அப்படியே கீழே போட்டது. சிவப்பு இன்னும் முப்பது விநாடி. இப்போது சொல்லாவிட்டால் எப்போதும் இல்லை.

அங்கியின் ஜிப்பை சர்ரென்று இழுத்துப் பையை வெளியே எடுத்தாள். லேப்டாப்… சார்ஜர்… முட்டை ரொட்டி… எல்லாம் மடி மேல். பக்கத்து வண்டிக்காரர் வாயைப் பிளந்தார்.

"பிள்ளையும் இல்ல, புருஷனும் இல்ல. சுலைமான் பஞ்சர் கடைக்காரர். நீங்க பேசறதை விட்டுடுவீங்களோன்னுதான் சொல்லல." சிக்னலைப் பார்க்காமல் அவனையே பார்த்தாள். "எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு ஜுஹைர்… அது மட்டும் பொய்யில்ல."

அந்தத் தேன் கண்கள் இருண்டன. "எங்கம்மா துவா கேட்டாங்க, தங்கச்சி. ஒரு கம்ப்யூட்டருக்குத் தொப்பி பின்னியிருக்கீங்கம்மான்னு நான் போய் அவங்ககிட்ட சொல்லவா?"

அவள் தொப்பியைத் திருப்பி நீட்டினாள். வாங்கிக்கொண்டான். பச்சை விழுந்தது… போய்விட்டான்.

மூன்று நாள் அவன் வரவில்லை. அவள் பையை அங்கிக்கு மேலே, எல்லோரும் பார்க்க மாட்டிக்கொண்டு வந்தாள். யாரும் வழி விடவில்லை, பிஸாராக்காரரும் கண்டுகொள்ளவில்லை. அழுகை வந்தால் ஹெல்மெட்டுக்குள் துடைக்கவும் முடியாது. அது ஒரு தனிக் கொடுமை.

நான்காம் நாள், அதே சிக்னல். அதே சிவப்பு.

"பையை இப்படி வெளியில மாட்டிக்கிட்டு வந்தா அறுத்துட்டுப் போயிடமாட்டானா?"

திரும்பினாள். ஜுஹைர். அவன் மடியில் புது மரப்பெட்டி ஒன்று, இன்னும் வார்னிஷ் வாசனையோடு. "உங்க கேரியர் அளவுக்குச் செஞ்சது. மூணு நாளாச்சு… தச்சு வேலை எனக்குப் புதுசு."

மூடியைத் திறந்தாள். உள்ளே மெத்தென்று வெள்ளை ஆட்டுத்தோல். மூலையில் அந்த மஞ்சள் தொப்பி.

"இது எதுக்கு?" தொப்பியை விரல் நுனியால் தொட்டாள்.

"எல்லாத்தையும் அம்மாகிட்ட சொல்லிட்டேன். விழுந்து விழுந்து சிரிச்சாங்க. தொப்பியைத் திரும்ப வாங்கிக்க மாட்டேன்னுட்டாங்க." அவன் கண்கள் தொப்பியை விட்டு நிமிரவில்லை. "பின்னாடி தேவைப்படுமாம்… நீங்க என்ன சொல்றீங்க?"

"மொதல்ல அந்தத் தங்கச்சியை விடுங்க."

"விட்டு மூணு நாளாச்சு… கிஸ்லான்."

தன் பெயர் இத்தனை அழகாக இருக்கும் என்று இருபத்தாறு வருஷமாக அவளுக்குத் தெரியாமல் போயிற்று. பச்சை விழுந்தது. பின்னால் ஹாரன்கள் கத்தின. அவள் அவசரப்படாமல் லேப்டாப்பை எடுத்து ஆட்டுத்தோல் மேல், தொப்பிக்குப் பக்கத்தில் படுக்க வைத்தாள்.

"ஆறு மாசம்னு ஒரு தடவை அவசரப்பட்டுட்டேன்" என்றாள், பெட்டியை மூடிக்கொண்டே. "இந்தத் தடவை வரிசையா போவோம். வெள்ளிக்கிழமை, மதியம் கூஸ்கூஸ் சாப்பாட்டு நேரத்துக்கு, அம்மாவைக் கூட்டிக்கிட்டு எங்கப்பாவைப் பார்க்க வாங்க."