புகைக்குழாயில் பனி

டோர்ட்மண்டிலிருந்து நான்கு மணித்தியாலம் ஓடி, ஹார்ஸ் மலைக்காட்டின் விளிம்பில் இருந்த தரிப்பிடத்துக்கு அவர்களுடைய வோன்மோபில் வந்து சேர்ந்தபோது பிற்பகல் மூன்று மணி. சில்லு பூட்டிய சின்ன வீடு அது. இரண்டு கட்டில், ஒரு மேசை, ஒரு அடுப்பு, காஸில் எரியும் ஹீட்டர். அல்பேர்ட் இப்படியான வண்டிகளைத் திருத்தும் பட்டறையில் ஒன்பது வருடமாக வேலை செய்கிறான். குளிர்காலத்தில் சும்மா நிற்கிற வண்டிதானே என்று முதலாளி வார இறுதிக்குக் கொடுத்திருந்தார். ஆறு வயது ஆதிரை வழி முழுக்கப் பனிமனிதன் கட்டுவதைப் பற்றியே கதைத்துக்கொண்டு வந்தாள். மூன்று வயது லெயோன் இரண்டு தடவை சத்தி எடுத்துவிட்டு, இப்போது பிஸ்கற் கேட்டான்.

யூலியா கதவைத் திறந்து இறங்கினாள். குளிர் மூக்கின் உள்பக்கத்தைக் கிள்ளியது. சுற்றிவர மரங்கள், மரங்களில் பனி, அதைத் தவிர ஒன்றுமில்லை. காற்றுக்கூட இல்லை.

தரிப்பிடத்தின் மறு கோடியில் மட்டும் ஒரு பழைய வெள்ளை வண்டி நின்றது. கூரையில் ஒரு முழ உயரத்துக்குப் பனி. யன்னல் கண்ணாடிகள் உட்பக்கம் ஆவி படிந்து மங்கியிருந்தன.

"ஒருத்தரும் இருக்க மாட்டினம் எண்டு சொன்னீங்கள்," என்றாள் யூலியா.

மின்வயரைக் கையில் பிடித்தபடி அல்பேர்ட் அந்தப் பக்கம் பார்த்தான்.

"அந்த மாடல் வண்டியள் நிறைய இருக்கு," என்றான், யாரும் கேட்காமலே.

பிள்ளைகள் பனியில் உருண்டார்கள். யூலியா உள்ளே தேநீருக்குத் தண்ணீர் வைத்து, வீட்டிலிருந்து கொண்டுவந்த கட்லிஸைச் சூடாக்கினாள். அல்பேர்ட் ஹீட்டரைப் போட்டான். அரை மணித்தியாலத்தில் ஆதிரை தம்பியைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து ஏறினாள்.

"அம்மா, அந்த வண்டியில ஒரு அன்ரி. வெறுங்காலோட நிக்கிறா."

"இந்தப் பனிக்குள்ளயோ? என்ன கதைச்சவ?"

"அப்பான்ர பேர் என்னெண்டு கேட்டவா. நான் சொன்னனான். 'தெரியும்' எண்டு சொன்னவா."

அல்பேர்ட்டின் கையில் இருந்த கோப்பை மேசையில் இடறித் தேநீர் ஊற்றுண்டது.

"வேற என்ன சொன்னவ?" என்று யூலியா கேட்டாள்.

"அவவின்ர பிள்ளையள் நித்திரையாம். எத்தினை தரம் கூப்பிட்டாலும் எழும்பீனம் இல்லையாம்."

அல்பேர்ட் எழுந்து கதவின் பூட்டைத் திருகினான். "வீட்ட போவம்," என்றான். "இப்பவே. பிள்ளையளுக்கு பெல்ற்றைப் போடும்."

"இப்பதானே வந்தனாங்கள்? உங்களுக்கு என்ன விசரே?"

அவன் முன் இருக்கைக்குப் போய்ச் சாவியைத் திருப்பினான். எஞ்சின் ஒரு முறை முனகிவிட்டு நின்றது. மறுபடி திருப்பினான். முனகலும் இல்லை.

நாலரை மணி. வெளியே நீலமாக இருட்டிக்கொண்டு வந்தது. உள்ளே இதமான சூடு, கட்லிஸ் வாசம், ஹீட்டர் விசிறியின் மெல்லிய இரைச்சல். யூலியாவின் நெற்றிக்குள் ஏதோ பாரமாக இறங்கியது. பயணக் களைப்பு என்று நினைத்தாள். பிள்ளைகள் சத்தம் போடவில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

இருவரும் கட்டிலில் படுத்திருந்தார்கள். சப்பாத்துக்கூடக் கழற்றாமல்.

"ஆதிரை?"

லெயோனின் வாயில் பாதிக் கட்லிஸ் அப்படியே இருந்தது.

யூலியா அதை விரலால் எடுத்துவிட்டு அவனை உலுப்பினாள். அவன் தலை துணிப்பொம்மையின் தலைபோல ஆடியது. கன்னங்கள் இளஞ்சிவப்பாக, ஆரோக்கியமாக, மிக அழகாக இருந்தன. முதியோர் இல்லத்தில் தாதியாக வேலை செய்பவள் அவள். அந்த நிறம் நல்ல நிறமல்ல, எரிந்த காஸின் நஞ்சு இரத்தத்தில் ஏறும்போது வருவது என்று அவளுக்குத் தெரியும்.

"கதவைத் திறவுங்கோ! காஸ்! காஸ் உள்ளுக்கு வருது!"

சுவரில் இருந்த எச்சரிக்கைக் கருவி பச்சையாகவே மினுங்கிக்கொண்டிருந்தது. அல்பேர்ட் பாய்ந்து கதவின் பூட்டைத் திறந்து தள்ளினான். கதவு ஒரு சாண் திறந்து எதிலோ இடித்து நின்றது.

வெளியே, கதவை ஒட்டி, அந்தப் பழைய வெள்ளை வண்டி நின்றது.

பனியில் சில்லுத் தடம் எதுவும் இல்லை.

அந்த ஒரு சாண் இடுக்கினூடாகக் காற்று வரவில்லை. சூடான, யாரோ ஏற்கெனவே மூச்சுவிட்டு முடித்த காற்றுத்தான் வந்தது. முன் கதவுகள் இரண்டும் அசையவில்லை. யன்னல் கொளுக்கிகள் அசையவில்லை. ஹீட்டரின் திருகியை அல்பேர்ட் அணைத்தான். விசிறி தொடர்ந்து மூச்சுவிட்டது.

அடுப்புக்கு மேலிருந்த யன்னலால் யூலியா வெளியே பார்த்தாள்.

ஒரு பெண் நின்றாள். நித்திரைக்கு உடுத்தும் மெல்லிய உடுப்பு. வெறுங்கால். அவள் குனிந்து இரண்டு கையாலும் பனியை அள்ளினாள். உருட்டினாள். அவர்களுடைய வண்டியின் பக்கச் சுவரில் இருந்த ஹீட்டர் புகைக்குழாயின் வாய்க்குள் வைத்து, பெருவிரலால் அழுத்தினாள். மறுபடி குனிந்தாள். அவசரமே இல்லை. பிள்ளைக்குச் சோறு ஊட்டுகிற பொறுமை.

"அவ ஆர்?" யூலியாவின் நாக்கு தடித்திருந்தது. "உங்களுக்குத் தெரியும். ஆர் எண்டு சொல்லுங்கோ!"

அல்பேர்ட் தரையில் இருந்துவிட்டான்.

"செத்துப்போனவ."

"என்ன?"

"ரெண்டு வருசத்துக்கு முதல்... அந்த வண்டி எங்கட பட்டறைக்குச் செக் பண்ண வந்தது. வெள்ளிக்கிழமை. நான் வெளிக்கிடுற அவசரத்தில புகைக்குழாயைக் கழட்டிப் பாக்கேல்ல. எல்லாம் சரி எண்டு ஸ்ரிக்கரை ஒட்டிப்போட்டன். குழாயில வெடிப்பு, புகை உள்ளுக்கு வந்திருக்கு. அவவும் ரெண்டு பிள்ளையளும் நித்திரையிலயே..."

"நீங்கள் கோட்டுக்குச் சாட்சி சொல்லப் போனது இதுக்கோ?"

அவன் தலை குனிந்தான். "நான் பாக்கேக்க குழாய் நல்லா இருந்தது எண்டு சொன்னன். பிறகு அவவின்ர புருசன்தான் ஏதோ கழட்டிப் பூட்டியிருப்பார் எண்டு தீர்ப்பு வந்தது. அந்த மனிசன் ஜெயிலுக்குள்ள இருக்கிறான்."

யூலியா அவனைப் பார்த்தாள். அடிக்கவேண்டும்போல இருந்தது. கையைத் தூக்க ஏலாமல் இருந்தது.

"அவவிட்ட சொல்லுங்கோ."

அவன் யன்னலில் முகத்தை வைத்து ஜெர்மனில் கத்தினான். நான்தான், என்னை மன்னியுங்கள், பிள்ளைகளை விடுங்கள் என்று கத்தினான். அந்தப் பெண் நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். அவள் கன்னங்களும் இளஞ்சிவப்பாக இருந்தன.

குனிந்து, அடுத்த பிடி பனியை அள்ளினாள்.

யூலியாவுக்கு அப்போது விளங்கியது. அந்தப் பெண்ணுக்கு மன்னிப்பு வேண்டியதில்லை. தன் தொலைபேசியை எடுத்து, மூன்றாம் தரம்தான் இலக்கங்களைச் சரியாக அழுத்தினாள். பொலிஸ் எடுத்தது. இருக்கும் இடத்தைச் சொன்னாள். பிறகு தொலைபேசியை அல்பேர்ட்டின் வாயில் வைத்து அழுத்தினாள்.

"உம்மட பேர். பட்டறையின்ர பேர். திகதி. எல்லாம் சொல்லும்." வாழ்க்கையில் முதல் தடவையாக அவனை 'நீங்கள்' என்று இல்லாமல் 'நீர்' என்று மரியாதை குறைத்து விளித்தாள். "சொல்லும்!"

அவன் சொன்னான். அழுது அழுது, ஒன்றும் விடாமல் சொன்னான்.

விசிறி நின்றது.

கதவு தானாக ஆடித் திறந்தது. வெளியே வண்டியும் இல்லை, பெண்ணும் இல்லை. யூலியா பிள்ளைகளை ஒவ்வொருவராக இழுத்துப் பனியில் போட்டு, அவர்கள் முகத்தில் பனியைத் தேய்த்தாள். முதலில் லெயோன் இருமினான். ஆதிரை இருமும்வரை எவ்வளவு நேரம் போனது என்று அவளுக்கு ஒருபோதும் தெரியவரவில்லை.

தீயணைப்புப் படையினர் புகைக்குழாயைக் கழற்றிப் பார்த்தார்கள். உள்ளே முழங்கை ஆழத்துக்குப் பனி இறுகியிருந்தது. அதில் சின்னப் பெருவிரல் பதிந்த தடங்கள் இருந்தன. பிள்ளைகள் விளையாடியிருப்பார்கள் என்று எழுதிக்கொண்டார்கள்.

அடுத்த நாள் காலை, ஆஸ்பத்திரியில், பிள்ளைகளின் இரத்தம் தெளிந்துவிட்டது என்று டொக்டர் சொன்னார். அல்பேர்ட்டுக்கும் தெளிந்திருந்தது. பொலிஸ் அதிகாரி வருவதற்கு முன் அவன் யூலியாவின் கையைப் பிடித்தான்.

"மூளை குழம்பின நேரம் உளறினது எண்டு சொல்லப்போறன். நீரும் அப்பிடியே சொல்லும். பிள்ளையளுக்காக."

யூலியா கையை இழுத்துக்கொண்டாள்.

அதிகாரி வந்து கட்டிலருகே இருந்தார். "நேற்று என்ன சொன்னேன் என்று எனக்கு ஞாபகம் இல்லை," என்று அல்பேர்ட் தொடங்கினான். இரண்டாவது வசனத்தில் நாக்கு குழறியது. மூன்றாவதில் தலை நெஞ்சில் விழுந்தது. அவன் கன்னங்கள் அழகாகச் சிவந்துகொண்டு வந்தன.

இரத்தம் எடுத்துச் சோதித்த டொக்டர் தாளைத் திரும்பத் திரும்பப் பார்த்தார். நேற்று இருந்ததைவிட இரண்டு மடங்கு நஞ்சு.

"இந்த அறையில் யாராவது எதையாவது எரித்தீர்களா?"

யாரும் எதையும் எரிக்கவில்லை.

ஒக்சிசன் முகமூடிக்குள் கண் விழித்த அல்பேர்ட், கட்டிலின் கால்மாட்டை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். அங்கே ஒன்றும் இல்லை. பிறகு அதிகாரியிடம் தாளும் பேனையும் கேட்டான்.

அந்தப் பெண்ணின் கணவன் விடுதலையாகி வந்த வாரம் யூலியாவுக்கு ஒரு வரிக் கடிதம் போட்டிருந்தான். நன்றி என்று மட்டும் எழுதியிருந்தான். அல்பேர்ட்டை உள்ளே போட்டார்கள். யூலியா மாதத்துக்கு ஒரு முறை, பிள்ளைகளை அயலில் விட்டுவிட்டு, அவனைப் பார்க்கப் போவாள்.

யூன் மாதம். சந்திப்பு அறையில் அவன் அவளுக்கு முன்னால் இருந்தான். மெலிந்திருந்தான், ஆனால் கண்ணில் கொஞ்சம் உயிர் வந்திருந்தது.

"வக்கீல் ஒரு கதை சொன்னவர்," என்றான் மெதுவாக. "நான் அந்த நேரம் சுயநினைவில்லாமல் எழுதிக் குடுத்தது எண்டு அப்பீல் பண்ணலாமாம். அதை எடுத்துப்போட்டால் வழக்கே... வழக்கே..."

அவன் கண் இமைகள் கனத்தன. கன்னங்களில் அந்த அழகான நிறம் ஏறத் தொடங்கியது.

யூலியா கதிரையைத் தள்ளிவிட்டு யன்னலைத் திறக்க ஓடினாள்.

யன்னல் ஏற்கெனவே அகலத் திறந்துதான் இருந்தது.