தாள்தான் சரியில்லை

ஃபக்ருன்னிசா இன்னும் ஸ்கெட்ச் பேனாவின் மூடியைக்கூடத் திறக்கவில்லை. அதற்குள் படத்திலிருந்த கொடியில் ஓர் இலை பச்சையாகியிருந்தது.

பளிச்சென்ற பச்சை இல்லை. பஜ்ஜி மடித்த காகிதத்தில் எண்ணெய் ஊறி மேலே வருமே, அந்த மாதிரி அடியிலிருந்து ஊறி வந்த பச்சை. மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தாள். இலை பச்சையாகத்தான் இருந்தது. அந்திநேர மஃரிப் தொழுகை முடிந்து சற்று நேரம்தான் ஆகியிருந்தது. கீழே கரையான்சாவடி மெயின் ரோட்டில் பஸ்கள் ஊரையே பெயர்த்துக்கொண்டு போகிற மாதிரி ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன. அந்த இரைச்சலில் காது செவிடாகாமல் எந்தப் பேயும் மாடியேறி வந்துவிட முடியாது. ஆகவே அவள் பயப்படவில்லை. ஸ்டேஷனரி கடை சுலைமானைத்தான் திட்டினாள். எவரோ தீட்டிப் பார்த்துவிட்டு வைத்த புத்தகத்தைத் தன் தலையில் கட்டிவிட்டான் என்று.

பெரியவர்கள் வண்ணம் தீட்டுகிற புத்தகம் அது. லேசான பக்கவாதம் வந்து போனதிலிருந்து அவளுடைய வலது கை ஓர் அரசாங்க அலுவலகமாகிவிட்டது. சொன்னால் கேட்கும், எப்போது கேட்கும் என்றுதான் சொல்ல முடியாது. கைக்குப் பயிற்சி கொடுக்கிற சௌம்யா, கோட்டுக்குள் நிறம் தீட்டிப் பழகுங்கள் என்று சொல்லியிருந்தாள். மகள் ரூஹி அதைவிடத் தெளிவாகச் சொல்லியிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை கொரட்டூரிலிருந்து வருவாள். அம்மா தன் வலது கையால் டீ ஊற்றித் தர வேண்டும். சிந்தாவிட்டால் இந்த வீட்டிலேயே தனியாக இருக்கலாம். சிந்தினால் வீட்டைப் பூட்டிவிட்டு மகளோடு கிளம்ப வேண்டும். ரூஹியின் ஃபிளாட்டில் மிக்ஸி போடுவதற்கே மருமகனிடம் அனுமதி கேட்கவேண்டும். ஃபக்ருன்னிசாவுக்குத் தூக்குமேடை அதைவிடக் காற்றோட்டமான இடமாகத் தெரிந்தது.

அவள் தாளைப் புரட்டினாள். ஆவடியில் சீருடை தைக்கும் ஆலையில் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவள். எதையும் முதலில் உள்பக்கம் புரட்டித்தான் பார்ப்பாள். கல்யாண மேடையில் மாப்பிள்ளையின் கோட் சூட்டையே புரட்டிப் பார்த்தவள் என்று உறவில் ஒரு பேச்சு உண்டு. அவள் அதை மறுத்ததில்லை.

தாளின் பின்பக்கம் வெறும் வெள்ளை. ஒரு பொட்டு மை இல்லை.

முன்பக்கத்தைத் திரும்பப் பார்த்தாள். இப்போது இரண்டு இலைகள்.

காலையில் சுலைமானிடம் சண்டைக்குப் போனாள். அவன் புத்தகத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தான்.

“இன்னாக்கா, இது ஊறின கலரு. தாளு நைஸு. ஸ்கெட்ச்சு போட்டா அந்தாண்ட வரிக்கும் ஊறத்தான் செய்யும்.”

“நான் போடவே இல்ல பாய்.”

“அப்ப போட்டவன் நல்ல வேலக்காரன்க்கா. கோடு தாண்டல பாரு.”

அவன் பாராட்டியது அவளுக்குச் சுருக்கென்று பட்டது. கடையில் இருந்த அத்தனையையும் இறக்கச் சொன்னாள். ஜெல் பேனாவை ஒரு துண்டுத் தாளில் இழுத்துப் பார்த்தாள்; மை காய்வதற்குள் கை அதன்மேல் படுத்துக்கொண்டது. பிரஷ் முனை பேனா அவள் கையில் ஆட்டம் போட்டு ரேஸ் குதிரை ஒன்றை வரைந்தது. கலர் பென்சில்களில் மெல்லியவை விரலில் நிற்கவில்லை. தடித்த முக்கோணப் பென்சில் மட்டும் பிடிக்குள் உட்கார்ந்தது; அழுத்தாமலே நிறம் இறங்கியது. அந்தப் பெட்டியை எடுத்துக்கொண்டாள். பிறகு, எது போட்டால் அடியிலிருந்து நிறம் ஊறாது என்று கேட்டாள். சுலைமான் மெழுகு கிரேயானை எடுத்து வைத்தான். மெழுகு பூசிவிட்டால் எந்தப் பக்கத்திலிருந்து வந்தாலும் மை ஒட்டாது என்றான். எந்தப் பக்கத்திலிருந்து என்பதை அவன் சும்மாதான் சொன்னான். அவள் வீடு வரும்வரை அதையே மென்றுகொண்டு வந்தாள்.

அன்று சனிக்கிழமை. மாலையில் ட்யூப் லைட்டுக்கு அடியில் மேசையைப் போட்டு உட்கார்ந்தாள். கொடிப் பந்தலில் பாதி நிறைந்திருந்தது. எல்லாமே மங்கலாக, நூல் பிசிறு போல ஓரம் கசிந்து, உள்ளிருந்து வெளியே தெரிகிற மாதிரி இருந்தது. அப்போதுதான் அவளுக்கு, ஆயிரம் ஆயிரம் சட்டைகளைப் புரட்டிய அந்தக் கண்ணுக்கு, ஒரு விஷயம் பிடிபட்டது. தன் கையில் இருப்பது படத்தின் உள்பக்கம். வெளிப்பக்கம் வேறெங்கோ இருக்கிறது. அங்கே உட்கார்ந்து யாரோ தீட்டுகிறார்கள்.

முதுகுத்தண்டில் ஐஸ்வண்டி ஒன்று ஏறி இறங்கியது. ஆனாலும் எழுந்து போகவில்லை. அவள் வீடு, அவள் மேசை, அவள் வாங்கிய புத்தகம். கிரேயானை எடுத்து, மீதமிருந்த பூவொன்றின் மேல் மெழுகை அப்பினாள். கை நடுங்கியது, கோட்டைத் தாண்டியது, போகட்டும் என்று இன்னும் அப்பினாள்.

மேசைக்கு அடியில் கீச்சென்றது.

ஸ்கெட்ச் பேனா முனை தாளில் உரசும் சத்தம். கீச், கீச் என்று அவசரமில்லாமல், பள்ளிக்கூடத்தில் நல்ல மார்க் வாங்குகிற பிள்ளை எழுதுகிற மாதிரி ஒழுங்காக வந்தது. ஊசி போடும் அறையில் அடிக்குமே, அந்த ஸ்பிரிட் வாசனையும் கூடவே ஏறியது. அவள் குனிந்து பார்த்தாள். மேசைக்கு அடியில் அவளுடைய கால்களும் அவற்றின் நிழலும்தான் இருந்தன. நிமிர்ந்தபோது மெழுகு பூசிய பூவைச் சுற்றி எல்லாமே நிறைந்திருந்தது. மெழுகு தொட்ட இடத்தை அது தொடவில்லை. ஓரம் வரை வந்து, மரியாதையாகத் திரும்பிப் போயிருந்தது. பந்தல், கொடி, தொட்டி, தொட்டியின் விரிசல். ஒரு கோடும் தாண்டவில்லை.

அவளுக்குப் பயத்தைவிடப் பொறாமை முந்திக்கொண்டது. அறுபதைத் தாண்டியவளை வீட்டைவிட்டுக் கிளப்பத் தன் கையே சதி செய்கிறபோது, கையே இல்லாத ஒன்று இவ்வளவு சுத்தமாக வேலை செய்துகாட்டுகிறது. அதிகாரிகளின் சட்டைகளையே திருப்பி அனுப்பியவள் அவள். இதையும் திருப்பி அனுப்பலாம்.

ஆலையில் சாக்கட்டியால் போடுவது இரண்டே குறிதான். வட்டம் போட்டால் தையல் கோளாறு, தைத்தவருக்குத் திட்டு. பெருக்கல் குறி போட்டால் துணி கோளாறு. தைத்தவர்மேல் குற்றமில்லை, நல்ல துணி கொடுத்து அதே ஆளை மறுபடி தைக்கச் சொல்வார்கள். சிவப்பு கிரேயானோடு அவள் கை வட்டம் போடத்தான் போனது. பாதி வழியில் நின்றது. பொய்யாக ஒரு வட்டம் அவள் போட்டதே இல்லை. மேலாளர் மன்றாடியும் போட்டதில்லை. இப்போது ஒரு பிசாசுக்காகவா போடுவாள்? குறுக்கே இரண்டு கோடு இழுத்தாள்.

“வேல சுத்தம். தாள்தான் சரியில்ல. எடுத்துக்கினு போ.”

கீச் நின்றது.

பச்சை வெளிறியது. மஞ்சள் வெளிறியது. வெயிலில் காய்கிற ஈரத் துணி மாதிரி படம் முழுக்க வெளுத்து, அவள் அப்பிய மெழுகும் பெருக்கல் குறியும் மட்டும் மிஞ்சின. ஃபக்ருன்னிசாவுக்கு வந்த சிரிப்பில் ஜன்னல் கம்பியே கழன்று விழுந்திருக்கும். எழுந்து போய் டீ போட்டாள். ஜெயித்தவள் குடிக்கிற டீ. சர்க்கரை தூக்கலாகவே போட்டாள். வலது கையால் பாத்திரத்தைத் தூக்கி எவர்சில்வர் டம்ளரில் ஊற்றினாள்.

ஒரு சொட்டுச் சிந்தவில்லை.

அந்தக் கையைப் பார்த்தாள்.

சுண்டுவிரல் நகத்தடியிலிருந்து ஒரு கறுப்புக் கோடு கிளம்பியிருந்தது. மயிரிழை அளவு. அச்சுப் போட்ட மாதிரி. அது புறங்கையில் ஏறி, வளைந்து, இரண்டாகப் பிரிந்து, இலையாக மூடியது. வலி இல்லை. நகத்தால் சுரண்டினாள். போகவில்லை. சோப்புப் போட்டாள், சபீனா போட்டுத் தேய்த்தாள். கோடு தோலின் மேலே இல்லை, அடியில் இருந்தது. அவள் கழித்தது தாளைத்தான், ஆளை இல்லை.

கீச்.

இப்போது மேசைக்கு அடியிலிருந்து வரவில்லை. எலும்பு வழியாகக் காதுக்கு வந்தது. முதல் இலைக்குள் பச்சை ஊறத் தொடங்கியது. உள்ளிருந்து. நிறம் நிறைந்த விரல் நடுக்கத்தை விட்டது. அடுத்த விரலும் விட்டது. அவள் மடக்கிப் பார்த்தாள். மடங்கவில்லை. அவள் மடக்காதபோது, அதுவாக மடங்கியது.

கிரேயானை இடது கையில் பிடித்து முழங்கையைச் சுற்றி மெழுகை அழுத்தி அழுத்திப் பூசினாள். கோடு மெழுகு வரை வந்தது. நின்றது. மறைந்தது. அவள் மூச்சுவிட்டாள்.

கழுத்தில் சில்லென்று கோடு முளைத்தது.

ஃபோன் அடித்தது. ரூஹி. இடது கையால் எடுத்தாள்.

“ம்மா, கை இன்னும் நடுங்குதா? நெஜத்த சொல்லு. நடுங்குதுன்னா நான் இப்பவே கெளம்பி வர்றேன்.”

ஆமாம் என்று ஒரு சொல். அவ்வளவுதான். மகள் வருவாள், மருமகன் வருவான், ஆஸ்பத்திரி, பிறகு கொரட்டூர், பிறகு இந்தக் கதவுக்கு ஒரு பூட்டு. கன்னத்தில் சில்லென்று ஏறியது. காதோரம் வளைந்தது.

“நடுங்கல. மலை மாதிரி கீது. காலைல வா, டீ ஊத்தித் தர்றேன்.”

ஃபோனை வைத்தாள். வலது கை தானாக எழுந்து பென்சில் பெட்டிக்குப் போனது. விரல்கள் ஒவ்வொரு பென்சிலாகத் தடவி, சாம்பல் நிறத்தை உருவி, முனையைக் கட்டைவிரலில் வைத்துக் கூர் பார்த்தன. முழங்கை மடங்கியது. பென்சில் அவள் முகத்தை நோக்கித் திரும்பியது.

அவள் அதைப் பிடுங்கி மூலையில் எறிந்தாள்.

விரல்கள் காத்திருந்தன.

இடது கையால் பெட்டியைக் கலைத்தாள். சாம்பல் வேண்டாம். தவிட்டு நிறம் வேண்டாம். கிழவிக்குப் பொருந்தாது என்று ஊரார் முணுமுணுக்கக்கூடிய, கண்ணைப் பறிக்கிற கத்தரிப்பூ நிறத்தை எடுத்து அந்த விரல்களுக்குள் திணித்தாள்.

“என் மூஞ்சிக்கு நான்தான் கலர் எடுப்பேன்.”

விரல்கள் ஏற்றுக்கொண்டன.

டம்ளரின் பளபளப்பில் அவள் முகம் தெரிந்தது. பாதிக்கு மேல் கொடி படர்ந்திருந்தது. இலைகளும் பூக்களும் நிறமில்லாமல் காத்திருந்தன. கடைசி இலை இமையைத் தாண்டி உள்ளே போய், கண்ணின் வெள்ளையில் வரையப்பட்டிருந்தது. அவள் கண்ணை மூடவில்லை. மூடினால் பயந்தவளாகிவிடுவாள். அந்த வெள்ளை இலையை நோக்கி, ஒரு நூலளவும் நடுங்காமல், கத்தரிப்பூ முனை வந்துகொண்டிருந்தது.